சன்னல் மூடப்பட்ட விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை பதினொன்று பத்துக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஆய்வுக்கூடத்துச் சன்னலை மூடுவதென்று முடிவெடுத்தேன். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

போன வாரம் அதைத் திறக்கச் சொன்னவர் உன் வீட்டுக்காரர், மாமாதான். ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக உள்ளே வந்தவர், "என்ன மாப்ளே, நாத்தம் குடலைப் புடுங்குது!" என்றார். கரைப்பானின் வாடை அது. "மழை ஈரம் ஆகாது மாமா" என்றேன். "காத்துக்கெல்லாமா கணக்குப் பாப்பாங்க?" என்றார்.

எங்கள் வேலை இதுதான்: ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், மருந்து கலந்த பாலிமர் கரைசல் நுண்துளிகளாகச் சிதறி, காய்ந்து, மணிகளாகும். ஈரக்காற்றில் காய்ந்தால் மணியெல்லாம் ஓட்டை. ஒரு மாதம் கசிய வேண்டிய மருந்து, நேற்றைய சோதனையில் ஆறு மணி நேரத்தில் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. உடம்புக்குள் அப்படி இறங்கினால் சிறுநீரகம் தாங்காது.

வியாழக்கிழமை உன் மூட்டில் போடவிருந்தது இந்த மணிகளைத்தான். மனிதர்களிடம் சோதிக்கும் பட்டியலில் முதல் ஆளாக உன் பெயரை எழுதியவரும் மாமாதான். நேற்றைய சோதனை முடிவை அவரிடம் காட்டினேன். "ஒரு தடவை சோதிச்சா போதுமா? அக்காகிட்ட போய் உளறாதே" என்றார்.

நீ நாள் எண்ணிக்கொண்டிருப்பது தெரியும். மாத்திரையையே சாப்பிடு. மணிகளைக் கழிவு டப்பாவில் கொட்டி, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உன் தம்பி

பி.கு.: மாலையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வாடை தாங்காமல் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்.