சுண்ணாம்புக்குக் கீழே போன உன் வீட்டு எண்

என் கன்னியம்மா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்து வராண்டாவை இப்போது வேறு ஒருத்தி பெருக்குகிறாள். நல்லவள்தான். ஆனால் கடைசி மணி அடித்ததும் டீயோடு என் வகுப்புக்கு வந்து, பெஞ்சில் சாய்ந்துகொண்டு, தாலுகா ஆபீஸ்காரர்களை அவள் உன்னைப் போல வாய் நிறையத் திட்டுவதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு என்னையும் அப்படியே திட்டு.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊழிய நாள். இந்தத் தடவை மண்ணூர் சாலையில், கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் குடியிருப்பை நான்தான் சொன்னேன். உன் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்று சனிக்கிழமை வைத்தோம். சனிக்கிழமை உங்கள் ஆட்கள் வேலைக்குப் போவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! குன்றத்தூரிலிருந்து இரண்டு வேன், எலுமிச்சை சாதம், துணிப் பதாகை, சுண்ணாம்பு வாளிகள். போய், பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு வெள்ளை அடித்தோம்.

எது உன் வீடு என்று எதிர் வீட்டில் கேட்டு, அதை யாருக்கும் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன். கதவுக்குப் பக்கத்தில் தாரில் எழுதிய ஒரு எண். எல்லா வீட்டிலும் இருந்தது. எத்தனை தடவை அடித்தாலும் கறுப்பு மேலே வந்தது.

"டீச்சர், இது மட்டும் பல்லக் காட்டிக்கினே கீது" என்றாள் பாடகர் குழு ஸ்டெல்லா.

"சுரண்டிட்டு அடிங்க" என்றேன். நான்தான் சொன்னேன், கன்னியம்மா. சொல்லிவிட்டு, கொத்துக்கரண்டியை எடுத்து முதலில் உன் சுவரைத்தான் சுரண்டினேன்.

எதிர் வீட்டில் கால் உடைந்து கிடந்த தங்கவேலு மட்டும் கட்டிலில் இருந்தபடியே கத்தினார். "யம்மா, அத்த இன்னாத்துக்கு சுரண்டறீங்கோ? ஆபீசர் போட்ட நம்பரும்மா!"

"புதுசா அழகா எழுதிடலாம்ண்ணே" என்றாள் ஸ்டெல்லா.

"நீ இன்னா, கலெக்டரா?"

எல்லாரும் சிரித்தோம். கொசு மருந்து அடிக்கிறவர்கள் போட்ட எண் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? "நம்பர் போட்டுட்டாங்கோ டீச்சரம்மா, இனிமே பட்டா வந்துடும்" என்று நீ மிட்டாய் கொடுத்த நாள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் நம்பர் என்றால் அது ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கும் என்றே இருந்துவிட்டேன். காகிதத்தோடு காலம் தள்ளுகிறவள் நான். சுவரில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பத்து நாள் கழித்து, பட்டாவுக்காகச் சுவரில் உள்ள எண்களை ஒத்துப் பார்க்க வருவாய் ஆய்வாளர் பட்டியலோடு வந்தார். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். உன் மகள் செல்விக்குத்தான் வினை. உன் கொழுந்தன் ஏழுமலை வந்து நின்று, "இது எங்க மாட்டுக் கொட்டா சார். இதுல நம்பரே போடல. அண்ணியோட வூடு கோடியில இட்ஞ்சி கெடக்குதே, அதான்" என்றான். அவன் மேஸ்திரி. அங்கே பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிறவன். தங்கவேலு கூட தலையைக் குனிந்துகொண்டார்.

செய்தி கேட்டு ஓடினேன். "நம்பர் இருந்தது, நான்தான் அழித்தேன்" என்றேன். ஆய்வாளர் பட்டியலைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்: "என்ன நம்பர்மா?"

கால் மணி நேரம் சுரண்டியிருக்கிறேன். பதினாலா, பதினேழா? பார்த்துக்கொண்டே அழித்த எண் எப்படி நினைவில் இல்லாமல் போகும்?

"எங்கம்மா உயிரோட இருக்கசொல்ல நீங்க ஒரு நாளு வூட்டுக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் டீச்சர்" என்றாள் செல்வி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

சபைக் கமிட்டியில், நடந்ததை எழுத்தில் கொடுப்போம் என்றேன். "நல்ல மனசோட செஞ்சதும்மா. எழுதிக் கொடுத்தா சபைக்கு வம்பு. ஜெபத்துல வெப்போம்" என்றார் செயலாளர். அடுத்த வருஷ ஊழிய நாளுக்கு எந்த ஊர் என்று அன்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் கோபம் அடங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிவிட்டேன். தாலுகா ஆபீசில் என் பெயரில், என் கையெழுத்தில் கொடுக்கப் போகிறேன்: அந்தச் சுவரில் ஒரு எண் இருந்தது, அதைச் சுரண்டியது நான், என்ன எண் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன். இது போதுமா என்றும் தெரியவில்லை. ஏழுமலை எதிரில் நின்றாலும் சொல்வேன். செல்வி கைக்குப் பட்டா வரும்வரை, நீ ஏறி இறங்கிய அந்தப் படிகளில் அவளோடு நானும் ஏறி இறங்குவேன். இது சத்தியம்.

கடைசிவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டாய். நானும் வேறு மாதிரி கூப்பிடச் சொல்லவில்லை. இப்போது அதை நானே கீழே போட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா,
கிரேஸ்