பத்து மணிக்கு மேல் கடக்க வேண்டாம்

மார்ச் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. போனில் கூப்பிட்டால் திட்டிவிடுவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். மருந்துக் கடையில் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை ஆள் வருவதில்லை. மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சிட்டு கல்லூரியில் மலையேறும் குழுவில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். ஏப்ரல் இரண்டாவது வாரம் பதினான்கு பேர் கிளம்புகிறார்கள். எந்த மலை என்று கேட்டேன். "உனக்குத் தெரியும்மா" என்றாள். அவள் அப்பா போன அதே பாதை. அவர் போன அதே மாதம்.

அந்தக் குழுவின் தலைவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து பாதை எப்படி இருக்கிறது என்று கேட்கிறானாம். பாதைக் காவலர் நீங்கள்தானே. மூடியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் பலகையிலும் அப்படியே எழுதிவிடுங்கள். ஏப்ரல் முடியும் வரைக்கும் போதும். அப்புறம் பரீட்சை வந்துவிடும், அவளால் நகர முடியாது.

போன வருஷம் எல்லார் முன்னாலும் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதீர்கள் என்று உங்களைச் சொன்னேன். அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இது வேறு விஷயம். இதை மட்டும் செய்யுங்கள்.

அண்ணி

* * *

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வாரத்துக்கு இரண்டு முறை பால் வண்டியோடு தபால் வரும். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வண்டிக்காரரிடம் கையெழுத்துப் போடவே மறந்துபோனேன். அவர் கீழே போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நம் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதுதான் முதல் தடவை. பரவாயில்லை, எழுதினீர்களே.

பாதையைப் பற்றி உள்ளபடி சொல்கிறேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து முதல் ஒரு மணி நேரம் முழுக்கச் சேறு. கணுக்கால் வரை உள்ளே போகும். பைன் மரக் காட்டுக்குள் வெயில் படாத இடமெல்லாம் பழைய பனி, மேலே கண்ணாடி மாதிரி வழுக்கும். காலணியில் இரும்புப் பல் மாட்டாமல் போகக்கூடாது. காட்டுக்கு மேலே பனி இன்னும் முழங்கால் அளவு இருக்கிறது. ஓடையை இன்னும் பனி மூடியிருக்கிறது. அதன் மேல் நடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். விடியற்காலையில் அது கல். மதியம் அதே இடம் வெறும் ஈரத் துணி.

இன்றைக்கு மேல்பாதை மூடித்தான் இருக்கிறது. ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று ஏப்ரலில்தான் தெரியும். திறந்திருக்கும்போது மூடியிருக்கிறது என்று எழுத என்னால் முடியாது அண்ணி. ஒரு தடவை பொய் எழுதினால் யாராவது ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு, "அந்த ஆள் சும்மா எழுதுறாரு, பாதை நல்லாத்தான் இருக்கு" என்று நாலு பேரிடம் சொல்வார். அதற்கப்புறம் நான் நிஜமாகவே மூடும்போது எவனும் நிற்கமாட்டான்.

சிட்டு வரட்டும். ஓடைக்கரையில் நான் நிற்பேன்.

உங்கள் தம்பி

* * *

மார்ச் 19

தம்பிக்கு,

ரொம்ப நல்லது. பொய் எழுத மாட்டீர்கள். போன வருஷம் திறந்திருக்கிறது என்று எழுதினீர்களே, அது என்ன, உண்மையா?

உங்கள் அண்ணன் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் மேலே போனார். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் மூன்று தடவை சரிபார்க்கிற மனுஷன், தம்பி எழுதியிருக்கிறான் என்று ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் போனார்.

என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். பலகையில் எழுதத் தெரிந்த கைக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லையா?

அண்ணி

* * *

மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். நான் எழுதியிருக்க வேண்டும். ஏழெட்டு தடவை எழுதவும் செய்தேன். ஒவ்வொன்றும் சாக்குச் சொல்வது மாதிரியே இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் ஓடை வரை போய்ப் பார்த்தேன். கோலால் குத்தினால் கோல் திரும்பி வந்தது, அவ்வளவு கெட்டி. திறந்திருக்கிறது என்று எழுதினேன். அன்றைக்கு அது உண்மை.

அண்ணன் சாயங்காலம் வந்தார். நான் தங்கியிருக்கும் குடிலின் கதவு உரசுகிறது என்று வந்த கையோடு கழற்றி, கீலுக்கு எண்ணெய் போட்டு மாட்டினார். அப்புறம் பேச ஆரம்பித்தோம். அப்பா, நீங்கள், சிட்டுவின் படிப்பு, சின்ன வயதில் நான் அவர் சைக்கிளை உடைத்தது, எல்லாம். அப்படிப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மேகம் மூடியிருந்ததால் அன்றைக்குக் குளிரவே இல்லை. நான் கவனித்தேன். "இன்னிக்குக் குளிரே இல்லண்ணா" என்று என் வாயாலேயே சொன்னேன். மேகம் மூடினால் பனி உறையாது என்பது இந்த வேலையின் முதல் பாடம்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நான் மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும். தூங்கிவிட்டேன். அவர் என்னை எழுப்பாமல் கிளம்பியிருக்கிறார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டுப் படுத்தபடியே குரல் கொடுத்தேன், "அண்ணா, திரும்பும்போது வெயில் ஏறிட்டா ஓடையில வராதீங்க. கீழே மரப்பாலம் இருக்கு, சுத்தி வாங்க, முக்கால் மணி நேரம்தான் கூட ஆகும்." "சரிடா, நீ தூங்கு" என்றார். நான் தூங்கினேன்.

இதுதான் அண்ணி நான் செய்தது. வாயால் சொன்னேன், பலகையில் எழுதவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மதியம் ஒன்றரைக்கு நான் மேலே போனபோது ஓடையின் நடுவில் பனி உடைந்து கிடந்தது. முகட்டிலிருந்து இறங்கி வரும் அவருடைய காலடிகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளித் தள்ளி இருந்தன. ஓடி வந்திருக்கிறார். அது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணன் எதற்குமே ஓடமாட்டாரே. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்தினால்கூட நடந்துதான் போவார், "ஓடினா கை நடுங்கும், கை நடுங்கினா வேலை கெடும்" என்பார்.

இப்போது பலகையில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'பத்து மணிக்கு மேல் ஓடையைக் கடக்க வேண்டாம்.' தினமும் ஐந்து மணிக்கு மேலே போகிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை.

உங்கள் தம்பி

* * *

ஏப்ரல் 8

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை.

சிட்டு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறாள். நான் தடுத்தும் பார்த்தேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். "நீ பட்டினி கிடந்தா நான் எனக்கு மட்டும் சமைச்சுச் சாப்பிட்டுட்டுக் கிளம்புவேன்" என்கிறாள். அப்படியே அவர் பிடிவாதம்.

அவளுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். மருந்து கொடுத்திருக்கிறேன், போட்டுக்கொள்ள மாட்டாள். இரும்புப் பல் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அது அவள் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை நீயே குனிந்து பார்த்துவிடு.

அண்ணி

* * *

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு பத்திரமாக இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அவளே உங்களுக்குப் போன் செய்ததும் தெரியும். ஆனாலும் நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதினான்கு பேரும் ஓடைக்கு வந்தார்கள். முந்தின ராத்திரி பூராவும் மேகம். விடியற்காலையிலேயே நான் போய்ப் பார்த்தேன், உறையவில்லை. கீழே இருந்த மரப்பாலமும் இந்தக் குளிர்காலப் பனிச்சரிவில் உடைந்துபோய்விட்டது, சுற்றி அனுப்பவும் வழியில்லை. குறுக்கே கயிறு கட்டிவிட்டு நின்றேன்.

குழுத் தலைவன், நல்ல பையன்தான், வாதாடினான். "சார், மணி இன்னும் ஒன்பதே ஆகல. நீங்கதானே பத்து மணின்னு எழுதியிருக்கீங்க?"

"பத்து மணிங்கறது உறைஞ்ச நாளைக்குத் தம்பி. இன்னிக்கு உறையவே இல்ல."

"ஒவ்வொருத்தரா மெதுவா போறோம் சார்."

நான் கோலைப் பனியில் வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

சிட்டு போகவில்லை. "சித்தப்பா, நான் இல்லேன்னா அவங்களை விட்டிருப்பீங்களா?" என்றாள்.

"விட்டிருக்க மாட்டேன்மா. ஆனா கை இவ்வளவு நடுங்கியிருக்காது."

அவள் நாலடி இறங்கிப் போனாள். நண்பர்களிடம் என்னவோ பேசிவிட்டு வந்து, "ரெண்டு நாள் இங்கேயே இருக்கேன்" என்றாள். குடிலில் தங்கினாள். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "இதைச் சாப்பிட்டா தனியா இருக்கீங்க?" என்று கேட்டாள். ஆமாம், தும்மினாள், மருந்தும் போட்டுக்கொண்டாள். நான் முன்னால் நின்று போட வைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பனி அன்றைக்கு உடையவில்லை. மறுநாளும் உடையவில்லை. அந்தப் பதினான்கு பேரும் சுகமாகக் கடந்திருக்கலாமோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை.

திங்கட்கிழமை வானம் தெளிந்தது, நன்றாக உறைந்தது. செவ்வாய் காலை ஆறு மணிக்கு நான் முன்னால் போய்க் குத்திப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இருவரும் கயிற்றில் கட்டிக்கொண்டு கடந்தோம். முன்னதாகவே குனிந்து அவள் காலிலிருந்த இரும்புப் பல்லைப் பார்த்தேன். இடது கால் தளர்வாக இருந்தது, இறுக்கிவிட்டேன்.

அந்தப் பக்கம் போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். எந்த இடம் என்று கேட்டாள், காட்டினேன். "அப்பா கஷ்டப்பட்டாரா?" என்றாள். டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன், தலையில் அடிபட்டது, ஒன்றும் தெரிந்திருக்காது என்று. காலடிகளைப் பற்றியும் சொன்னேன். "எதுக்கு ஓடினார்?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். அதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஏழரைக்குத் திரும்பி வந்துவிட்டோம். நாளை பால் வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.

உங்கள் தம்பி

* * *

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

சிட்டு வந்து சேர்ந்தாள். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, பையில் ஒரு கிலோ சேற்றோடு வந்தாள். வந்த அன்றே என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, அப்பா எதுக்கு ஓடினார்னு சித்தப்பாவுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

தெரியும் தம்பி.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு முகட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "இங்க எப்படி இருக்கு தெரியுமா! தம்பியோட இன்னும் ஒரு நாள் இருந்துட்டு வரேன்" என்றார். அவர் அப்படி ஆசைப்பட்டு எதையும் கேட்டதே இல்லை. எனக்குக் கடையில் அன்றைக்கு இரண்டு பேர் லீவு. மறுநாள் காலை வாஷிங் மெஷின் பழுதுபார்க்க ஆள் வருகிறான், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வெறும் வாஷிங் மெஷின். "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் பார்ப்பீங்க, வீட்டு மெஷினை நான்தான் பார்க்கணுமா? மூணு மணி பஸ்ஸில ஏறலைன்னா அங்கேயே இருந்துக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

மரப்பாலம் சுற்றி வந்தால் அந்த பஸ் கிடைத்திருக்காது. அதனால்தான் ஓடினார்.

நீ எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்து நின்றபோது இது எனக்குத் தெரியும். வாசப்படியை மிதிக்காதே என்று உன்னைச் சொன்னபோதும் தெரியும். உன்னைத் திட்டத் திட்ட, அன்றைக்குப் போனில் பேசிய என் குரல் எனக்குக் கேட்காமல் இருந்தது. ஒரு வருஷம் முழுக்க உன்னைத் தனியாகச் சுமக்க விட்டுவிட்டேன். நீ தூங்கியது தப்புத்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி இங்கே இருந்தது. அன்றைக்குச் சொன்ன சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை முதலில் சிட்டுவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "வாஷிங் மெஷினை ரெண்டு இடத்துலயும் தப்பா எழுதியிருக்கம்மா" என்றாள். பேனாவை எடுத்துத் திருத்தினாள். அப்புறம் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண், கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

என் மேல் கோபம் இருக்கும். வரட்டும், கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். உனக்கும் இருக்கும். எழுதித் தீர்த்துவிடு. அடுப்பில் மட்டும் போடாதே.

ஜூன் முதல் வாரத்தில் பனியெல்லாம் போய்விடும், சேறும் காய்ந்துவிடும் என்கிறாள். என்னையும் கூட்டிக்கொண்டு வருவாளாம். மூன்றாவது மாடிக்கு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் தினமும் கடை முடிந்ததும் ஆற்றங்கரையில் நடந்து பழகுகிறேன். நேற்று ஷூ வாங்கினேன். கட்டை மாதிரி இருக்கிறது, போகப் போக இளகும் என்கிறார் கடைக்காரர்.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது, கொண்டுவருகிறேன். வருவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பும் பஸ்ஸுக்கு எடுக்கவில்லை. எப்போது இறங்குகிறோமோ அப்போது இறங்குகிறோம்.

அன்புடன்,
அண்ணி