எக்கோவுக்குப் பிறகு வால்யூம்

என் செல்லச் சண்டைக்காரன் குமரனுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதே நான் எழுதிக் கொடுத்த எதையும் நீ முழுசாகப் படித்ததில்லை. மளிகைச் சீட்டில் பாதியைப் படித்துவிட்டு உப்பை மறந்து வருவாய். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். யாராவது உன்னிடம் சொல்லிவிடட்டும்.

முதலில் செய்தி. மார்ட்டீன் வந்திருந்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட் வீட்டுப் பிள்ளை, பாரீசிலிருந்து மூன்று வாரம் லீவு. பள்ளிக்கூட நாளில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கிதாரை மாற்றி மாற்றி வாசித்தீர்களே, அந்த ஒல்லிப் பையனா இவன் என்று இருந்தது எனக்கு. வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டவன் உள்ளே வரத் தயங்கினான். உன் காரியத்துக்கு வர முடியாமல் போனது அவனுக்கு இன்னும் உறுத்துகிறது. அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

அவனிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "குமரன் வாசிப்பானே, அந்த சத்தம். ஒரே ஒருதரம் கேக்கணும்டா. அப்பறம் நீயே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் கிதாரை "நாய் ஊளையிடுது" என்று பத்து வருஷம் திட்டியவள் அவள். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன நாளிலிருந்து அம்மா வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. அழுததுமில்லை. ஊருக்கெல்லாம் சமைப்பாள், தான் மட்டும் சரியாகச் சாப்பிட மாட்டாள். இந்த ஒன்றையாவது சரியாகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

ஆனால் கிதாரோடு மாட்டிக் காலால் மிதிப்பாயே, உன் பெடல்கள் நாலும் நாலு மூலைக்குக் கிடந்தன. கூடத்தில் உன்னைக் கிடத்த இடம் வேண்டும் என்று அன்றைக்கு வயர்களைப் பிடுங்கி அட்டைப்பெட்டியில் போட்டவளே நான்தான். எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

உன் தயவில் அந்த நாலும் எனக்கு மனப்பாடம். குழந்தை மாதிரி அழுகிற வா-வா. கரகரவென்று கடிக்கிற டிஸ்டார்ஷன். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிற எக்கோ. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்யூம். கிதார் சத்தம் இந்த நாலுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் புகுந்துதான் ஆம்ப் ஸ்பீக்கருக்குப் போகும், வரிசை மாறினால் சத்தமே மாறிப்போகும் என்று எத்தனை தரம் கத்தியிருப்பாய்! ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடம் பெருக்கும்போது நான் கழற்றி, இஷ்டத்துக்கு மாட்டி வைத்தேன். அன்று சாயங்காலம் முதலியார்பேட்டை ரிசப்ஷனில் உன் கிதார் அலறிய அலறலில் மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அப்புறம் வீட்டில் நடந்த சண்டையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்ட்டீன் தரையில் உட்கார்ந்தான். "எல்லாரும் போடற வரிசைன்னு ஒண்ணு இருக்குக்கா." வா-வா, டிஸ்டார்ஷன், வால்யூம், கடைசியில் எக்கோ. மாட்டி முடித்து "வுவாலா!" என்று பிரெஞ்சில் சொல்லி வாசித்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. அம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாருக்குடா. ஆனா இது அவன் இல்ல."

அப்போதுதான் என் படம் நினைவுக்கு வந்தது. "இனிமே தொடறதுன்னா படம் வரைஞ்சுட்டுத் தொடு" என்று அந்தச் சண்டையில் சொன்னாய். நானும் வீம்புக்கு வரைந்து வைத்திருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம், நாலு கட்டம், மேலே 'குமரனின் குப்பைகள்' என்று தலைப்பு. தையல் மிஷின் டிராயரிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். மார்ட்டீன் அதைப் பார்த்துப் பார்த்து, இடமிருந்து வலமாகத் தன் காலடியில் அடுக்கினான். கிதார் வயரை வலது கோடியில் சொருகினான். இந்தப் பெடல்களில் சத்தம் வலப்பக்கம் ஏறி இடப்பக்கம் இறங்குமாம்.

தொட்டான். அடேயப்பா! தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலக்காரர்கள் பத்துப் பேர் ஒரே மீனுக்குக் கத்தின மாதிரி ஒரே இரைச்சல். அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"இன்னாக்கா இது? இப்படியா வச்சிருந்தான்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்ட ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லையே. தாளை வாங்கிக்கொண்டு என் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். தாளைப் பார்த்தேன், பெடல்களைப் பார்த்தேன். தாளில் இடது கோடியில் இருந்தது, தரையில் எனக்கு வலது கோடியில் இருந்தது. நான் வரைந்தது இதே இடத்திலிருந்துதான், உனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. என் இடப்பக்கம் உனக்கு வலப்பக்கம். பத்து வருஷம் எதிரிலேயே உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கிறேன், ஒருநாளாவது உன் பக்கம் வந்து நின்று பார்த்திருக்கிறேனா?

"திருப்பிப் போடுடா" என்றேன்.

திருப்பினான். இப்போது வா-வா, டிஸ்டார்ஷன், எக்கோ, கடைசியில் வால்யூம். மார்ட்டீனுக்கு மனசு ஒப்பவில்லை. வால்யூம் எக்கோவுக்கு முன்னால் இருந்தால், அதைக் குறைத்த பிறகும் எக்கோ தானாகத் தேய்ந்து அடங்கும்; கடைசியில் இருந்தால் எல்லாம் சேர்ந்து பட்டென்று நின்றுவிடும் என்றான். "யாராச்சும் எக்கோ கழுத்த இப்படி நெரிப்பாங்களாக்கா?" இதையெல்லாம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா நீ?

முணுமுணுத்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கூடம் முழுக்க உன் சத்தம், குமரா.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். யோசித்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"சோறு ஆறுது, வாடா!"

மார்ட்டீன் திடுக்கிட்டு, வால்யூம் மேல் இருந்த காலைப் பின்னால் சாய்த்துவிட்டான். சத்தம் அப்படியே நின்றது. துளி எக்கோ மிச்சமில்லை.

அந்த அமைதியைத்தான் இந்த வீட்டில் தினமும் கேட்டோம். அம்மா கூப்பிட்ட நொடியில் உன் சத்தம் அப்படித்தான் நிற்கும், உடனே "வந்துட்டேம்மா" என்பாய். அவளுக்கோ காது கொஞ்சம் மந்தம். எக்கோ இழுத்துக்கொண்டிருந்தால் உன் பதில் அதற்குள் முங்கிப்போயிருக்கும். அவளை இரண்டாம் தரம் கூப்பிட வைக்கக் கூடாது என்றுதானே வால்யூமைக் கடைசியில் வைத்தாய்? இல்லை, வயர் எட்டவில்லை என்று வைத்தாயா? எனக்கு வேண்டியதை நான் நம்பிக்கொள்கிறேன்.

அம்மா கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். "இதாண்டா" என்றாள். அடுத்து வர வேண்டிய உன் குரல் வரவில்லை. மூன்று பேரும் அதற்காகக் காத்திருக்கிற மாதிரி நின்றோம். மார்ட்டீன் கிதாரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வந்துட்டேம்மா" என்றான்.

அம்மா உனக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள்.

கிதாரையும் பெடல்களையும் மார்ட்டீன் எடுத்துக்கொண்டு போனான். கூடம் காலியாக இருக்கிறது. அதில் ஒரு மிஷின், அதன் முன்னால் நான். அம்மா கூப்பிட்டால் "இந்தத் தையல் முடியட்டும்" என்று நான் நாலு தரம் கத்த வைப்பது உனக்குத் தெரியும். இனிமேல் பாதித் தையலில் நூலை அறுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன், தம்பி. முதல் குரலுக்கே. உன்மேல் சத்தியம்.

உன்னைத் திட்டாமல் இருக்கத் தெரியாத உன் அக்கா,
வசந்தி