பஞ்சு எழுதிய எட்டாவது வரி

மார்ச் 5, புதன்

இன்று பதினான்கு பேர். கடைசியாக வந்தவர், காது கேட்காது என்று சான்றிதழ் வாங்க வந்த ஆசாமி. ஒலி புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னேன். ஒரு தடவைகூட அமுக்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மெதுவான குரலில், "உங்க சட்டையில ஒரு பட்டன் கழண்டிருக்கு" என்றேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது. அசடு வழிந்தார்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கேட்பவர் யார், கேட்காதவர் யார், நடிப்பவர் யார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது.

சனிக்கிழமை எனக்குப் பிடித்த ராக் பேண்ட் வாசிக்க வருகிறது. டிக்கெட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். "பகல்பூரா காது கேக்காதவங்களோட இருக்க. சாயந்திரமானா காது போற இடமாத் தேடிப் போற. உன்னை என்னன்னு சொல்றது?" என்றார். ரசிகை என்று சொல்லுங்கள் என்றேன்.

மார்ச் 8, சனி

கழுத்து வலி, கால் வலி, சொல்லி மாளாத சந்தோஷம். ஆனால் ஒன்று இடிக்கிறது. தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கார் உதிரிபாகக் கடைக்குக் கீழே, படி இறங்கிப் போகும் அந்த கிளப்பில் முந்நூறு பேர் நிற்கலாம். நேற்று அதற்கு மேல் இருந்தார்கள். சுவரில் வியர்வை வழிந்தது, யாருடையது என்று கேட்கக் கூடாது. முதல் பாட்டில் டிரம்ஸ் இறங்கியபோது தரை என் குதிகால் வழியாகப் பேசியது. இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே ஏறின. பெரியவர் — பாடகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வயது அறுபத்து மூன்று — மைக்கைக் கடித்துவிடுவார் போல நின்றார். நானும் தலையை ஆட்டினேன். நாற்பத்தொன்பது வயதுத் தலை. அது என்னுடையது, நான் ஆட்டுவேன்.

அவர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பார். மைக்கிலேயே கேட்கும், கிழிகிற மாதிரி. பாட்டைவிட அந்த மூச்சு எனக்குப் பிடிக்கும். கடைசி இரண்டு பாட்டிலும் அது இல்லை. வாய் அசைந்தது, குரல் வந்தது, மூச்சு மட்டும் இல்லை. பல்லவி திரும்பி வந்தபோது போன தடவை பிசிறிய அதே எழுத்தில், அதே அளவு பிசிறியது. எந்த மனிதத் தொண்டையும் ஒரே இடத்தில் இரண்டு தடவை அப்படிப் பிசிறாது. பதிவு செய்த குரல் அது.

எங்கள் ரசிகர் குரூப்பில் ஒரு வழக்கம். நிகழ்ச்சிக்கு மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒவ்வொருவரும் பத்து வரிக்குள் மனதில் பட்டதை எழுதி தாடிக்கு அனுப்ப வேண்டும். குரூப்பை ஆரம்பித்தவர் தாடி. வந்ததை எழுத்துப்பிழைகூடத் திருத்தாமல் அப்படியே எங்கள் இணையப் பக்கத்தில் போடுவார். பதினோரு வருடமாக யார் எழுதியதிலும் அவர் கை வைத்ததில்லை. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வருவதால் எனக்குப் பஞ்சு என்று பெயர். பஞ்சு இல்லை, அளவெடுத்துச் செய்த ரப்பர் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பத்து வரி அனுப்பிவிட்டேன். ஒன்பது வரி கொண்டாட்டம். எட்டாவது வரி இது: "கடைசி இரண்டு பாட்டிலும் ஒலித்தது முன்பே பதிவு செய்த குரல்; தொண்டை முடியவில்லை என்றால் சொல்லியிருக்கலாம், நாங்கள் பாடியிருப்போம்."

மார்ச் 10, திங்கள்

என் பெயருக்குக் கீழே ஒன்பது வரிதான் இருக்கிறது. ஏழாவதுக்குப் பிறகு ஒன்பதாவது. நடுவில் ஒன்றுமே இல்லாதது போல ஒட்டிவிட்டிருக்கிறார்.

மூன்று தடவை படித்தேன். முப்பத்தொரு பேர் எழுதியதில் என்னுடையதில் மட்டும் கத்தரி. எவன் கேட்டான் உங்க திருத்தத்தை?

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில், மருந்து அறைக்குப் பின்னால் நின்று தாடியைக் கூப்பிட்டேன். எப்போதும்போல உரக்கப் பேசினார்.

"எட்டாவது வரி எங்கங்க?"

"எது?"

"எட்டாவது வரி."

"அதுவா. அது தப்பு பஞ்சு. நான் ஸ்பீக்கருக்கு முன்னாடியே நின்னேன். அவரு பாடினாரு. என் காதால கேட்டேன்."

"நான் என் காதால கேட்டதை எழுதியிருக்கேன். நீங்க கேட்டதை நீங்க எழுதுங்க."

"முப்பது பேருக்குக் கேக்காதது உங்களுக்கு மட்டும் கேட்டுச்சா? அதுவும் பஞ்சை வெச்சுக்கிட்டு?"

வரியைப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள் என்றேன். இரண்டையும் செய்ய மாட்டாராம். பெரியவரின் மானம் போய்விடுமாம். அப்படியென்றால் என் மானம் யார் வீட்டுச் சொத்து?

மார்ச் 13, வியாழன்

குரூப்பில் நானே அந்த வரியைப் போட்டேன். வெட்டப்பட்டது என்றும் சொன்னேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"பஞ்சை எடுத்துட்டுக் கேளுங்க." "பின்னாடி நின்னவங்களுக்கு என்ன தெரியும்?" "இந்த வயசுல வீட்ல உக்காந்து மெல்லிசை கேக்கலாமே." ஒருவர், நல்ல டாக்டராகப் பார்த்துக் காதைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், குழப்பத்தையும் சேர்த்துக் குறைக்கும். குரல் தனியாக, கிட்டார் தனியாகப் பிரிந்து கேட்கும். இதை விளக்கி எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். கேட்கத் தயாரில்லாதவர்களிடம் எதற்கு விளக்கம்? வரி தப்பு என்றால் அது என் பெயரில் தப்பாக இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

"ஒரு வரி. விட்டுத் தொலையேன்" என்றார் வீட்டுக்காரர். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வரியை உருவிவிட்டு உங்கள் கையெழுத்தை அப்படியே வைத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கிழிச்சிடுவேன்" என்றார். பிறகு காபி போட்டுக்கொண்டு வந்தார். கேட்காமலே.

மார்ச் 16, ஞாயிறு

குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அழமாட்டேன் என்று எழுதி வைக்கிறேன். எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது.

மார்ச் 24, திங்கள்

பதினோராவது டோக்கன். கதவைத் திறந்துகொண்டு முதலில் ஓர் அம்மாள் வந்தார். "மேடம், இவருக்கு நல்லாப் பாருங்க. டிவி சத்தம் தெருக்கோடிக்குக் கேக்குது. நான் ஒண்ணு சொன்னா இவர் ஒண்ணு சொல்றார். கேட்டா நான்தான் முணுமுணுக்கிறேனாம்." பின்னாலேயே தாடி.

வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அறைக்குள் உட்காரவைத்தேன். ஹெட்போன், பொத்தான், எல்லோருக்கும் சொல்கிற அதே நாலு வார்த்தை. கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கவே இல்லை. தாழ்ந்த சுருதி ஒலியெல்லாம் ஓரளவு பிடித்தார். சுருதி மேலே போகப் போக நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பதில் இல்லை. அப்புறம் திடீரென்று அமுக்க ஆரம்பித்தார். நான் ஒன்றுமே அனுப்பவில்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில், அந்தப் பொத்தானோடு சேர்ந்த விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

கேட்காதது போல நடிப்பவர்களை எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். கேட்பது போல நடித்தவர் இவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஒழுங்காக எடுத்து, வரைபடத்தில் உள்ளபடியே குறித்தேன். இரண்டு காதிலும் கோடு பாதியிலேயே கீழே சரிந்து விழுகிறது. மெல்லிய ஒலிகள், உரசல்கள், ஒரு மூச்சு — எதுவும் அவருக்குக் கிடையாது. பல வருடமாகவே இருந்திருக்காது.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா பஞ்சு?" என்றார், அதையும் உரக்கவே.

"உள்ளதை உள்ளபடிதான் போடுவேன். உங்களுக்குத் தெரியுமே."

"பஞ்சா? யாருங்க அது?" என்றார் அந்த அம்மாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரே ஒரு வரி போதும். தாடிக்குக் காது கேட்காது என்று குரூப்பில் யாரிடமாவது சொல்லிவிட்டால் முப்பது பேரும் கப்சிப். கை துறுதுறு என்கிறது.

செய்ய மாட்டேன். அந்த அறையில் நான் கண்டது அவருடையது. அதை எடுத்து அவரையே அடித்து ஜெயிப்பதற்குப் பதில் பொய்க்காரி என்ற பெயரோடே இருந்துவிடுகிறேன். ஆனால் என் எட்டாவது வரியையும் விடமாட்டேன். இரண்டும்தான். யாருக்கு வசதிப்படாவிட்டாலும் சரி.

ஏப்ரல் 3, வியாழன்

காது மிஷின் வாங்க தாடி தனியாக வந்தார். மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்று என் கைக்கடிகாரத்தை அவர் காதருகே பிடித்தேன். திரும்பிப் பார்த்தார். முகம் எப்படியோ ஆகிவிட்டது.

மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கேக்கல. அதனால இல்லைன்னு நினைச்சுட்டேன். வேணும்னு வெட்டல பஞ்சு."

"சரி. இப்பத் தெரிஞ்சுடுச்சில்ல. திரும்பப் போடுங்க."

"போட்டா என்னைக் கேப்பாங்களே. ஸ்பீக்கருக்கு முன்னாடி நின்னியே, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு. நான் என்ன சொல்ல? இதை நம்பித்தானே என்னை மதிக்கிறாங்க."

எனக்கு இரக்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: "அது உங்க பாடு. என் வரி என்னோடது."

எழுந்து போய்விட்டார். கதவைச் சாத்திய சத்தத்துக்கு அவரே திடுக்கிட்டார்.

ஏப்ரல் 26, சனி

மறுபடி அதே கிளப், அதே படி. டிக்கெட்டை நானே வரிசையில் நின்று வாங்கினேன். குரூப் ஆட்கள் முன்னால் கூட்டமாக நின்றார்கள். இரண்டு பேர் என்னைப் பார்த்து முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நான் சுவரோரம், என் இடத்தில். கூனிக்குறுகி நிற்க வரவில்லை, தலையாட்ட வந்திருக்கிறேன்.

நாலாவது பாட்டில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். தாடி. மிஷினைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார், அந்த இரைச்சலுக்கு அது ஆகாது. என் காதருகே குனிந்து கத்தினார்.

"பாடுறாரா?"

பெரியவர் மூச்சு இழுத்தார். அடிவயிற்றிலிருந்து, கிழிந்து, அரைச் சுருதி இறங்கி. ஆனால் அவருடையது.

"பாடுறாருங்க. நெஜமாவே பாடுறாரு."

தாடி சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் குனிந்து கேட்டார், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆமாம் என்றேன். கடைசிப் பாட்டு. ஊரே பாடுகிற பாட்டு. மூச்சு இல்லை. நான் காத்திருந்தேன், அடுத்த வரியில் வரும் என்று. வரவில்லை.

"பாடுறாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

"இல்ல" என்றேன். தலையையும் ஆட்டினேன், சந்தேகம் வேண்டாம் என்று.

அவர் மேடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக்கொண்டு அந்தப் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தார், சுருதி தாளம் எதுவும் சேராமல், தொண்டை கிழிய. நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதியம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதலில் தாடி எழுதியது. எப்போதும் கடைசியில் போடுவார், இன்று முதலில். அப்படியே நகலெடுத்து வைக்கிறேன்:

"எனக்கு இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. நேற்று பஞ்சுவைக் கேட்டுக் கேட்டுத்தான் நிகழ்ச்சி பார்த்தேன். கடைசிப் பாட்டு பதிவு என்றார். அவர் சொன்னால் சரியாக இருக்கும். போன மாதம் அவர் எழுதியதில் ஒரு வரியை வெட்டியது நான். அது திரும்பப் போடப்பட்டிருக்கிறது. திட்டுகிறவர்கள் கொஞ்சம் உரக்கத் திட்டவும்."

மார்ச் பக்கத்துக்குப் போனேன். ஏழு. எட்டு. ஒன்பது.

சாயந்திரம் அவரே கூப்பிட்டார்.

"நாப்பது பேர் திட்டியிருக்காங்க பஞ்சு. பாதிப் பேர் குரூப்பை விட்டே போறாங்களாம்."

"எடுத்துடப் போறீங்களா?"

"எதை?"

"நீங்க எழுதினதை."

"என்ன பேச்சு இது? என் பேர்ல இருக்கு."