ஒரே பெண்மணிக்கு இரண்டு சீட்டுகள்

அத்தான்,

சீட்டுகள் கிடைத்துவிட்டன. மூன்று மாதமாக நான் எழுதிச் சேர்த்த அமெரிக்க இசையமைப்பாளர்களின் பெயர்ச் சீட்டுகளை நீங்கள் குப்பையில் போட்டுவிட்டதாக நேற்றுக் கத்தினேன். இன்று காலை காப்பிகூடக் குடிக்காமல் துறைமுகத்துக்குப் போய்விட்டீர்கள்.

பிறகுதான் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். காற்றில் பறந்தவற்றையெல்லாம் பொறுக்கி, இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கிச் சணலால் கட்டியிருந்தீர்கள். இரண்டு சீட்டுகள் மட்டும் தனியாக, உங்கள் பென்சில் எழுத்தோடு இருந்தன: "ஏளா, ரெண்டுலயும் பொறந்த தேதி ஒண்ணாத்தான் கெடக்கு. ஒரே ஆளான்னு பாரு."

மூட்டைகளில் குறி பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும். ஒரே ஆள்தான். ஏமி பீச் என்ற அம்மாள். நான் பார்த்து எழுதிய ஒரு புத்தகத்தில் சொந்தப் பெயரிலும், இன்னொன்றில் மிஸஸ் எச். எச். ஏ. பீச் என்று கணவர் பெயரிலும் இருக்கிறார். சொந்தப் பெயரிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் பள்ளி நூலகத்துக்குப் பட்டியலை இன்று கொடுக்க வேண்டும். தப்போடு கொடுத்திருந்தால் தலைமையாசிரியை மதர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

பெர்பெத்துவா

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீலா மீன் குழம்பு மண்சட்டியில் இருக்கிறது. பூனை வரும், மூடி மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அந்த அம்மாளின் இசைத்தட்டு ஒன்று பள்ளியில் இருக்கிறது. நாலு மணிக்கு வாசலுக்கு வந்தால் சேர்ந்து கேட்கலாம். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பும் அங்கேயே கேட்டுவிடுகிறேன்.