கொட்டகைக்குள் போட்ட மேடு

அண்ணி,

இன்று விஷ்ராந்த்வாடியில் மரக்கடையைத் தாண்டும்போது ஈர மரத்தூள் வாசம் அடித்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

பறவைக் காய்ச்சல் வந்த வருடம் நம் பண்ணைக்கு லாரி லாரியாக வந்தது இந்தத் தூள்தான். அரசாங்க ஆட்கள் கோழிகளையெல்லாம் கொன்று முடித்தபோது நீங்கள் அழவில்லை. மறுநாள் காலை, பழக்கத்தில் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசல்வரை போனவர், அங்கேயே உட்கார்ந்து அழுதீர்கள்.

குழி வெட்டிப் புதைப்பதாகத்தான் இருந்தது. நீங்கள் கால்நடை டாக்டரை வேலியோரம் கூட்டிப்போய்ப் பக்கத்து நிலத்து மராத்திப் பெரியவர் காகாவின் கிணற்றைக் காட்டினீர்கள். "அவிங்க ஊட்டுல குடிக்கற தண்ணி கண்ணு," என்றீர்கள் என்னிடம். டாக்டர் யோசித்து, கொட்டகைக்குள்ளேயே மக்க வைக்கச் சம்மதித்தார். மரத்தூள் ஓர் அடுக்கு, செத்த கோழிகள் ஓர் அடுக்கு, மேலே மறுபடி தூள். உள்ளே ஏறும் சூட்டில் கிருமி செத்துவிடுமாம்.

காகா நம்பவில்லை. "தாயீ, வாஸ் யேயில்!" நாற்றம் வரும் என்று வேலிக்கு அப்பால் நின்று கத்தினார். நாறினால் வந்து சொல்லுங்கள் என்று உங்கள் அரைகுறை மராத்தியில் சொன்னீர்கள். தினமும் வந்து மோந்து பார்த்தார்.

ஒரு நாள் நிஜமாகவே நாறியது. இரவு மழை ஒழுகி மேட்டின் ஒரு முனை சரிந்து, இறக்கைகள் வெளியே தெரிந்தன. காகா திட்டத் திட்ட, நீங்கள் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தீர்கள். "மொதல்ல மூடுவோம். அப்பறம் பேசிக்கலாம்." இருவரும் மதியம்வரை காய்ந்த தூளை அள்ளிக் கொட்டினோம். சூடு மறுபடி ஏறியது.

மாதங்கள் கழித்து, பரிசோதனையில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு மேட்டைப் பிரித்தோம். கறுத்த எரு; விரலில் நொறுங்கும் எலும்புகள். காகா ஒரு பிடி அள்ளி மோந்துவிட்டு, "மாத்தீ," என்றார். மண்தான்.

"இனிமே கோழி வெக்கத் தோணுமாங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"செத்தத ஒழுங்கா முடிச்சாத்தான் கண்ணு, மறுக்கா வெக்க மனசு வரும்."

மறுபடி கோழி வைப்பதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. கொட்டகையை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். நீங்கள் சொன்னதை நேற்று அவரிடம் அப்படியே சொன்னேன். புதுக் கோழிக்குஞ்சுகள் கொண்டுவரச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். எழுந்து போனார். சாயங்காலம் நான் பண்ணைக்குப் போனபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.