தண்ணீர்க் குழாய்க்கு வைத்த கைநாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். சமுதாயக் கூடத்து முதியோர் வகுப்பில் ஆறு மாதமாகப் படிக்கிறேன். எத்தனை சந்தோஷம் தெரியுமா?

இங்கே நூலகத்தில் நம் புறநகரின் வரலாறு என்று பழைய காகிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நாற்பது குடிசைக்காரர்கள் கைநாட்டு வைத்த காகிதமும் இருக்கிறது. அன்று நீதான் வாசித்துச் சொன்னாய்.

“தண்ணிக் குழாய்க்குத்தாண்ணே, சும்மா வை.”

அதில் எங்கள் நிலத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது. கீழே சாட்சிக் கையெழுத்து உன்னுடையது. குடிசையை இடித்த மழைக்காலத்தில் தெருவில் கிடந்துதான் உன் அண்ணி செத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் புறநகரின் ஆண்டுவிழாவில் உனக்கு மாலை போடுகிறார்கள். பழைய குடிகள் சார்பில் நான் பேச வேண்டுமாம். அந்தக் காகிதத்தை வாசிக்கப்போகிறேன். பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், பாதியில் எழுந்து போய்விடாதே.

உன் அண்ணன்